நள்ளிரவில் கேள்வி கேட்கும் இயந்திரம்

மனநலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பல மாதங்களாகச் சரியான உறக்கம் இல்லை. குடும்ப மருத்துவரிடம் வர மறுக்கிறான். சென்ற வாரம் நள்ளிரவில், எங்கள் பகுதியின் என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) பேச்சு சிகிச்சைப் பிரிவின் இணையதளத்தில் சாட்பாட் என்னும் உரையாடும் கணினி நிரலுடன் பேசி, பரிந்துரை பதிவாகிவிட்டது என்ற பதிலையும் பெற்றிருக்கிறான். அவனுக்கு என்ன நோய் என்பதை ஓர் இயந்திரமா தீர்மானிக்கப் போகிறது?
– ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: இல்லை. மருத்துவமனை வாசலில் சீட்டு எழுதும் மேசையின் வேலையைத்தான் அந்தச் சாட்பாட் செய்கிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான இந்தப் பேச்சு சிகிச்சைப் பிரிவுகள் இங்கிலாந்தில் 2008இல் தொடங்கப்பட்டவை. அவற்றில் சேர மருத்துவரின் கடிதம் தேவையில்லை, பாதிக்கப்பட்டவர் தாமே விண்ணப்பிக்கலாம். தொலைபேசியிலும் படிவத்திலும் கேட்கப்பட்டு வந்த விவரங்களைச் சில பிரிவுகளில் இப்போது சாட்பாட் கேட்டு வாங்குகிறது. அவற்றுடன் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9, பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7 என்னும் இரண்டு வினாத்தாள்களும் வரும். கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, ஆர்வம், கவலை ஆகியவை எப்படி இருந்தன என்று அவை கேட்கின்றன. மதிப்பெண் முதலாவதில் 27க்கு 10, இரண்டாவதில் 21க்கு 8 என்ற அளவை எட்டினால், கவனிக்க வேண்டிய நிலை என்று அப்பிரிவுகள் கொள்கின்றன. இயந்திரம் மதிப்பெண்ணைக் கூட்டும், சில சாட்பாட்கள் எந்தப் பிரச்சினையாக இருக்கலாம் என்ற ஊகத்தையும் பணியாளருக்குக் குறிப்பாகத் தரும், ஆனால் முடிவு அவற்றின் கையில் இல்லை. அதன்பின் உங்கள் மகனுடன் பேசி, எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று முடிவெடுப்பவர் பயிற்சி பெற்ற ஒரு மனிதர்.

மருத்துவரிடம் வர மறுத்த பிள்ளை இயந்திரத்திடம் மட்டும் ஏன் பேசினான் என்பது உங்கள் கடிதத்தின் கேட்கப்படாத கேள்வி. எதிரே முகம் இல்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். 1966இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலிசா என்னும் எளிய உரையாடல் நிரலுடன் பேசத் தொடங்கிய அவருடைய செயலாளரே, சிறிது நேரத்தில் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். 2024இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வும் இதை ஒட்டியதே. 28 சிகிச்சைப் பிரிவுகளில் ஏறத்தாழ 1,29,400 பேரின் தரவுகளை அது பார்த்தது. லிம்பிக் ஆக்சஸ் என்னும் சாட்பாட்டைப் பயன்படுத்திய பிரிவுகளில் பரிந்துரைகள் 15 விழுக்காடு உயர்ந்தன. பயன்படுத்தாத பிரிவுகளில் உயர்வு 6 விழுக்காடு. சிறுபான்மை இனத்தவரிடையே உயர்வு 29 விழுக்காடாக இருந்தது என்பது நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. ஆய்வை எழுதியவர்களில் பலர் அந்தச் சாட்பாட்டை உருவாக்கிய நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

கதவு அகலமானதால் வரிசை குறைந்துவிடாது. விண்ணப்பித்தவர்களில் 75 விழுக்காட்டினர் ஆறு வாரத்துக்குள்ளும், 95 விழுக்காட்டினர் பதினெட்டு வாரத்துக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. ஆறு வாரம் என்பதே உறக்கமில்லாதவனுக்கு நீண்ட காலம். ஆகவே பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அழைப்பு வராவிட்டால் பிரிவுக்கு நீங்களே தொலைபேசி செய்யுங்கள். பி.எச்.கியூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு உங்கள் மகன் ஆம் என்று சொல்லியிருந்தாலோ, அப்படியொரு ஐயம் உங்களுக்கு எழுந்தாலோ, பதிவான பரிந்துரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 111ஐ அழைத்து 2ஐத் தெரிவு செய்தால் மனநல நெருக்கடிப் பிரிவு கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 999. அவனிடம் நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவருக்காக நான் சாட்பாட்டில் பதில் எழுதலாமா?
– ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: அதைவிடத் தொலைபேசியே நல்லது. "ஒரே யோசனையாக் கிடக்கு", "பெருமூச்சு வருது" என்று ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் சொன்னால், அதில் துயரமும் உறக்கமின்மையும் எத்தனையோ ஆண்டுகளின் இழப்பும் அடங்கியிருக்கலாம். நீங்கள் அதை ஆங்கிலத்தில் "நிறையச் சிந்திக்கிறார்" என்று எழுதினால், வினாத்தாளில் அதற்கு மதிப்பெண்ணே விழாமல் போகலாம். மேலும், பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது ஒன்பதாவது கேள்விக்கு எந்தத் தாய் உண்மையைச் சொல்வாள்? பிரிவை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணம் இல்லை. மொழிபெயர்க்க வருபவர் நமக்குத் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற தயக்கம் நம் சமூகத்தில் இயல்பு. அப்படியானால் வேறு ஊரிலிருந்து தொலைபேசி வழியாகப் பேசுபவரைக் கேட்கலாம். அவரும் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவரே.

கேள்வி: என் கைபேசியில் இருக்கும் பொதுவான சாட்பாட்டிடம் மனக்கவலையைச் சொன்னால், அது என்னை மருத்துவரிடம் அனுப்பி வைக்குமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லும், அனுப்பி வைக்காது. மேலே சொன்ன சாட்பாட்டின் பின்னால் ஒரு சிகிச்சைப் பிரிவும், விண்ணப்பத்தைப் படித்தே ஆக வேண்டிய பணியாளரும் இருக்கிறார்கள். உங்கள் கைபேசியில் நீங்கள் எழுதியதற்கு அப்படி யாரும் பொறுப்பில்லை. நீங்கள் இந்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த அரசுச் சேவை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.