ஏழாம் வகுப்பு அறிவியல் வீட்டுப்பாடத்தில் பிள்ளைக்கு எப்படி உதவுவது?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். உயிர் அறிவியல், புவி அறிவியல் இரண்டிலும் வீட்டுப்பாடத்தைச் சரியாக எழுதிவிடுகிறாள். ஆனால் அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் வருவதில்லை. நான் அறிவியல் படித்தவன் இல்லை. வீட்டில் நான் என்ன செய்யலாம்?

பதில்:

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பதினாறு வருடம் அறிவியல் பாடம் எடுத்திருக்கிறேன். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். அவள் சோம்பேறியும் இல்லை, மந்தமும் இல்லை. அப்புறம், நீங்கள் அறிவியல் படிக்காததை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். விடை தெரிந்த பெற்றோர் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை யோசிப்பது அந்த இடத்தோடு நின்றுபோகிறது.

இந்த வயதுப் பிள்ளைகள் வகுப்புக்கு வெறும் மனதோடு வருவதில்லை. நிலா ஏன் தேய்கிறது, மரம் எதைத் தின்று பெருக்கிறது, வெயில்காலம் ஏன் வருகிறது என்று எல்லாவற்றுக்கும் தாங்களாகவே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்து விடை அந்த விளக்கத்தின் மேல் ஒட்டப்படுகிறது. தேர்வு முடிந்ததும் ஒட்டியது உதிர்ந்து, பழையது அப்படியே நிற்கிறது. அதனால் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பழைய விளக்கத்தை அவள் வாயாலேயே சொல்லவைப்பதுதான். 'புத்தகத்தை மூடு. உனக்கு என்ன தோன்றுகிறது, சொல்' என்று கேளுங்கள். அவள் சொல்வது தவறாக இருந்தாலும் உடனே திருத்தாதீர்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மாணவி. நிலவின் பிறைகள் பற்றிய தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள். ஒரு மாதம் கழித்து வேறு ஏதோ பேச்சில், 'பூமியின் நிழல் விழுவதால்தானே நிலா தேய்கிறது?' என்று சாதாரணமாகக் கேட்டாள். அவள் எழுதிய சரியான விடையைத் திருத்தி மதிப்பெண் போட்டதே நான்தான். அன்றைக்கு அது எனக்கு ரொம்பவே உறைத்தது. அதற்குப் பிறகு, ஒரு விடையைத் திருத்துவதற்கு முன் அந்தப் பிள்ளை உண்மையில் என்ன நினைக்கிறது என்று கேட்காமல் நான் விட்டதில்லை.

நிலவின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது வீட்டிலிருந்தே செய்யக்கூடியது. முப்பது நாள், நாளுக்கு இரண்டு நிமிடம் போதும். ஒரு தாளில் முப்பது வட்டங்கள் வரையச் சொல்லுங்கள். நிலா தெரிகிற நாளில் தெரிகிற வடிவத்தை ஒரு வட்டத்துக்குள் வரைந்து, பார்த்த நேரத்தையும் வானில் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் குறிக்கட்டும். மேகம் மூடிய நாளில் 'மேகம்' என்றே எழுதட்டும். இல்லாததை ஊகித்து வரையக் கூடாது. ஒரு வாரத்திலேயே அவள் ஒன்றைக் கவனிப்பாள்: நேற்று இருந்த இடத்தில் இன்று அதே நேரத்தில் நிலா இல்லை. அது சராசரியாக ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு சுமார் 29.5 நாள். இந்த எண்ணைப் புத்தகத்தில் படிப்பதும், தன் கையால் வரைந்த வட்டங்களை எண்ணிக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

அப்புறம் இருட்டறையில் ஒரு விளக்கு, ஒரு பந்து. விளக்குதான் சூரியன், அவள் தலைதான் பூமி. பந்தைக் கை நீட்டி, தலைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றட்டும். பந்தின் ஒரு பாதி எப்போதும் வெளிச்சமாகவே இருக்கும். அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு தன் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும்தான் மாறுகிறது. பந்தைத் தலைக்கு நேராக இறக்கிப் பிடித்தால், விளக்குக்கு முதுகு காட்டும்போது தலையின் நிழல் அதன் மேல் விழும். அது சந்திர கிரகணம். நிலவின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் எல்லாப் பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை. பிறையையும் கிரகணத்தையும் அவள் தன் கையாலேயே பிரித்துப் பார்த்துவிட்டாள் என்றால், கேள்வியை எப்படி மாற்றிக் கேட்டாலும் பதில் வரும்.

உயிர் அறிவியலில் இதே அளவுக்குப் பிடிவாதமான தவறான எண்ணம், செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்பது. 'ஒளிச்சேர்க்கை மூலம் தாவரங்கள் உணவு தயாரிக்கின்றன' என்று அழகாக எழுதுகிற பிள்ளையிடம், 'இவ்வளவு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'மண்ணிலிருந்து' என்றுதான் வரும். அப்போது வான் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்லுங்கள். 17-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர். உலர்ந்த மண்ணைச் சுமார் 90 கிலோ எடைபோட்டுத் தொட்டியில் நிரப்பி, வில்லோ என்ற மரத்தின், 2 கிலோவுக்குச் சற்று அதிகமான ஒரு கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 77 கிலோவுக்கு வளர்ந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி எடைபோட்டால், அதன் எடை 60 கிராம்கூடக் குறையவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, 'அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்திருக்கும்?' என்று கேளுங்கள். 'தண்ணீரிலிருந்து' என்பாள். வான் ஹெல்மான்ட்டும் அதைத்தான் சொன்னார். பாதி சரி. அவர் கணக்கில் எடுக்காதது காற்று. உலர்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அந்தக் கார்பன் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து இலை வழியாக உள்ளே வந்தது. 'கேஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இதே வான் ஹெல்மான்ட்தான். கரியை எரிக்கும்போது வெளிவருகிற வாயுவையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். அப்படிப்பட்டவரே தன் மரத்தைச் சுற்றியிருந்த காற்றைத் தவறவிட்டார் என்று சொன்னால், தவறாகச் சொன்ன பிள்ளைக்கு எவ்வளவு தெம்பு வருகிறது என்று வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படம் வரைவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வகுப்பு வேலையில் பாதி அதுதான். வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்து வரையச் சொன்னால், நிறையப் பிள்ளைகள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்திலுள்ள தாவர செல்லை வரைந்துவிடுவார்கள். ஒளிச்சேர்க்கை நடக்கிற பசுங்கணிகங்கள்கூடப் பச்சை நிறத்தில் இருக்கும். வெங்காயமோ மண்ணுக்குள் இருட்டில் வளர்வது, அதன் உள்தோலில் பசுங்கணிகம் கிடையாது. கண்ணில் தெரிவது செங்கல் அடுக்கியதுபோன்ற அறைகள், அயோடின் போட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு புள்ளியாக உட்கரு, அவ்வளவுதான். தடித்த கறுப்பு விளிம்போடு வட்டவட்டமாகத் தெரிபவை காற்றுக் குமிழிகள். அவற்றை செல் என்று வரைந்த படங்களும் எனக்கு வந்திருக்கின்றன. அழகான புத்தகப் படத்தைவிட, கோணல்மாணலான 'நான் பார்த்தது' படத்துக்கே நான் கூடுதல் மதிப்பெண் கொடுத்தேன். வீட்டில் நுண்ணோக்கி இல்லை என்றால் ஒரு இலை போதும். அதன் நரம்புகளைப் பார்த்து வரையட்டும். வரைந்து முடித்ததும், 'இதில் எதெல்லாம் நீ கண்ணால் பார்த்தது, எதெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததால் வரைந்தது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

பருவகாலங்களுக்கும் இப்படி ஒரு தவறான படம் உண்டு: சூரியனுக்கு அருகில் போனால் கோடை, தள்ளிப்போனால் குளிர். இதற்கு வாதமே வேண்டாம், ஒரு தகவல் போதும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில். அப்போதுதான் வட அரைக்கோளத்தில் குளிர்காலம். மிகத் தள்ளிப்போவது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். அப்புறம் கட்டம்போட்ட தாளில் டார்ச்சை நேராகவும் சாய்த்தும் அடித்து, வெளிச்சம் எத்தனை கட்டத்தில் பரவுகிறது என்று எண்ணட்டும். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால், நம் பக்கம் வெயில் நேராக விழும்போது கோடை, சாய்ந்து பரவும்போது குளிர் என்பது அதில் புரியும்.

உணவுச் சங்கிலியில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று தடுமாறினால், 'அம்பு காட்டுவது ஆற்றல் போகிற திசை' என்று ஒரு வரி சொன்னால் போதும். தின்னும் விலங்கை நோக்கித்தான் அம்பு.

கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து மெல்ல விலகி நகர்ந்தன என்ற பாடத்துக்கு வழக்கமான வீட்டுப்பாடம், கண்டங்களை வெட்டி ஒட்டுவது. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். நல்ல பயிற்சிதான், ஆனால் அதைக் கொஞ்சம் நீட்டிக்க வேண்டும். ஆல்ஃபிரட் வெகெனர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1912-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார், 1915-இல் நூலாக எழுதினார். கரையோரங்கள் பொருந்துவதை மட்டும் அவர் காட்டவில்லை. குளோசோப்டெரிஸ் என்ற செடியின் தொல்லெச்சங்கள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கின்றன என்பது போன்ற சான்றுகளையும் கொண்டுவந்தார். அப்படியும் பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கவில்லை. ஏன்? கண்டங்களை நகர்த்துவது எது என்று அவரால் திருப்தியாகச் சொல்ல முடியவில்லை. 1930-இல் கிரீன்லாந்துப் பயணத்தில் அவர் இறந்தார். கடல்தளம் விரிகிறது என்பதற்கான சான்றுகள் சேர்ந்து, 1960-களில்தான் கருத்து மாறியது. உங்கள் மகள் ஒட்டி முடித்ததும், 'நீ அந்தக் காலத்துப் புவியியலாளராக இருந்தால் வெகெனரை நம்பியிருப்பாயா? வேறு என்ன சான்று கேட்டிருப்பாய்?' என்று கேளுங்கள். நான் வகுப்பில் கேட்டதிலேயே அதிக நேரம் ஓடிய விவாதம் இதுதான்.

செயல்திட்டத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். எரிமலை மாதிரி செய்யச் சொல்லியிருந்தால் நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். சமையல் சோடாவும் வினிகரும் நுரைத்து வழிவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது ஒரு வேதிவினை. எரிமலை வெடிப்பதற்கு முக்கியக் காரணம், பாறைக்குழம்பு மேலே வர வர அழுத்தம் குறைந்து, அதில் கரைந்திருந்த நீராவியும் மற்ற வாயுக்களும் குமிழிகளாகப் பிரிவது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறப்பது அதற்கு எவ்வளவோ நெருக்கமான மாதிரி. 'நம்முடைய மாதிரி எந்த விஷயத்தில் உண்மை எரிமலை போல் இல்லை?' என்று அவளே நாலு வரி எழுதினால், அட்டையும் பெயிண்ட்டும் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

விதை முளைக்கும் சோதனை மாதிரி எதுவாக இருந்தாலும், தொடங்கும் முன்பே 'என்ன நடக்கும், ஏன்?' என்று எழுதி வைக்கட்டும். ஒளியைச் சோதிக்கிறாள் என்றால் இரண்டு தொட்டிக்கும் அதே மண், அதே அளவு தண்ணீர். ஒளி மட்டும் மாறட்டும். விதை அழுகிப்போனாலோ பூஞ்சை பிடித்தாலோ அதையே தேதியோடு எழுதச் சொல்லுங்கள். 'சரியான முடிவு' வேண்டும் என்பதற்காகக் குறிப்பை மாற்றி எழுதுவதுதான் இந்த வயதில் ஒட்டிக்கொள்ளும் மோசமான பழக்கம். தயவுசெய்து அதற்கு வீட்டில் இடம் கொடுக்காதீர்கள்.

இன்றே எங்கே தொடங்குவது என்றால், நிலவிலிருந்தே தொடங்குங்கள். வரப்போகும் அமாவாசை முடிந்து ஏழு எட்டு நாளில், சூரியன் மறைவதற்குச் சற்று முன் மகளை வெளியே அழைத்துப் போங்கள். மேற்கே சூரியன் இருக்கும், அரைநிலா வானில் நன்றாக மேலே நிற்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் காட்டி, 'பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தானே விழும்? அப்படியானால் அந்த நிழல் இப்போது எந்தப் பக்கம் இருக்கும்?' என்று கேளுங்கள். அவள் கிழக்கே கை காட்டிவிட்டு, மேலே நிலாவை ஒருமுறை பார்ப்பாள். அந்த நிமிடத்தில் நீங்கள் எதுவும் சொல்லாமல் இருங்கள்.