வியன்னாவின் மயோலிகா வீட்டுச் சுவரில் உள்ள பூக்கள் நூறாண்டு கடந்தும் மங்காமல் இருப்பது எப்படி?

அவை சுவரில் தீட்டிய ஓவியம் அல்ல, சூளையில் சுட்ட, மயோலிகா எனப்படும் மெருகூட்டிய ஓடுகள். ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் 1898-99இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. பூ வடிவங்களை அமைத்தவர் அவருடைய மாணவர் அலோயிஸ் லுட்விக்.

ஓட்டின்மேல் பூசும் மெருகு சூளையின் வெப்பத்தில் உருகி, ஆறியதும் கண்ணாடிப் படலமாகிவிடும். நிறமும் அதோடு சேர்ந்து இறுகிவிடுவதால் மழையோ பனியோ அதை எளிதில் கரைக்காது. புகையும் தூசியும் படிந்தால் கழுவிவிடலாம். வாக்னர் ஓடுகளைத் தேர்ந்ததே இதற்காகத்தான். அலங்காரத்தையும் பராமரிப்பையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை. அதுவே எனக்கு இக்கட்டடத்தின் மிகப் பெரிய அழகு.

பூங்கொடி சன்னல்களைப் பொருட்படுத்தாமல், முகப்பு முழுவதையும் ஒரே சேலையாக எண்ணிப் படர்கிறது. எதிரே உள்ள நாஷ்மார்க்ட் சந்தைப் பக்கம் நின்று பாருங்கள். பக்கத்து 38ஆம் எண் வீட்டில் ஓவியர் கோலோமன் மோசரின் பொன்னிற வட்டச் சிற்பங்களும் தெரியும்.