தாத்தாவோட யாஷிகாவுல பூஞ்சணம்: கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு ரோல் அடிச்சுப் பாருங்க

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவங்க தாத்தா ஸ்டுடியோ வச்சிருந்தவராம், அவரோட யாஷிகா மேட் 124 ஜி, மேல பாக்குறதுக்கு ஒண்ணு, கீழ படம் எடுக்குறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு லென்ஸ் வச்ச பழைய ஃபிலிம் கேமரா, இருபது வருஷமா பீரோவுலயே லெதர் கவரோட கெடந்திருக்கு, இப்ப எடுத்துப் பாத்தா கீழ் லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம், 1 செகண்ட்ல வச்சு அமுக்குனா ஷட்டர் தொறந்தே நிக்குதாம். "அண்ணா, லென்ஸ கழட்டி நானே தொடைக்கலாமா, இல்ல இது இனிமே ஷோகேஸுக்குத்தானா"ன்னு கேக்குறாரு.

தம்பி, இது படம் எடுக்கும், தாராளமா எடுக்கும். ஆனா ஸ்க்ரூ டிரைவர இப்போதைக்கு எடுக்காதீங்க. நீங்க பூஞ்சணத்தப் பாத்து பயந்துட்டீங்க, எனக்குக் கவலை ஷட்டர் மேல தான்.

இதுல இருக்குற காப்பல் கம்பெனி ஷட்டர்ல 1 செகண்ட், 1/2, 1/4 மாதிரி மெதுவான ஸ்பீடு எல்லாம் ஒரு குட்டி பல்சக்கர செட்ட நம்பித்தான் ஓடுது, அதுல போட்ட எண்ணெய் வருஷக்கணக்குல காஞ்சு பிசின் மாதிரி ஆயிடுச்சுன்னா சக்கரம் பாதியில நின்னுடும், உங்களுக்கு நடந்துருக்குறது அது தான். இதுக்காக தையல் மிஷின் எண்ணெய், தேங்கா எண்ணெய், ஸ்ப்ரே எதையும் உள்ள விடாதீங்க, விட்டா அது பரவி ஷட்டர் இதழுக்கும், வெளிச்சம் வர்ற ஓட்டைய சுருக்கி விரிக்குற அப்பர்ச்சர் இதழுக்கும் போயி ஒட்டிக்கும், அப்புறம் வேகமான ஸ்பீடும் போயிடும். செல்ஃப் டைமர் லிவர் இருக்குல்ல, அத தொடவே வேணாம், பழைய கேமராவுல அது பாதியில சிக்குனா ஷட்டரே லாக் ஆயிடும்.

ஸ்பீட செக் பண்ண உங்க போனே போதும். பின்மூடிய தொறந்து வச்சு, லென்ஸுக்கு முன்னாடி வெளிச்சம் இருக்குற மாதிரி வச்சுகினு, பின்னாடி இருந்து 240 ஃபிரேம் ஸ்லோமோஷன்ல வீடியோ எடுங்க. 1/15க்கு 16 ஃபிரேம் வெளிச்சம் தெரியணும், 1/30க்கு 8. அஞ்சாறு தடவை எடுத்து எண்ணிப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தா நல்லது, கொஞ்சம் கூட கொறைய இருந்தாலும் பரவால்ல, ஒரு தடவை 8 ஒரு தடவை 20ன்னு மாறுனா தான் பிரச்சனை. 1/125க்கு மேல இந்த முறையில அளக்க முடியாது, அத ஃபிலிம்ல தான் பாக்கணும்.

இப்ப பூஞ்சணத்துக்கு வரேன். ஷட்டர பி-ல (பட்டன அமுக்கிகினு இருக்குற வரைக்கும் தொறந்தே நிக்குற செட்டிங்) வச்சு, அப்பர்ச்சர எஃப் 3.5க்கு முழுசா தொறந்து, பட்டன அமுக்கிப் பிடிச்சுகினு பின்னாடி இருந்து டார்ச் அடிங்க. மரக்கிளை மாதிரி நூல் நூலா பிரிஞ்சு போனா பூஞ்சணம். மொத்தமா ஆவி படிஞ்ச மாதிரி இருந்தா ஹேஸ். ஓரத்துல வானவில் வளையம் மாதிரி தெரிஞ்சா ரெண்டு கண்ணாடிய ஒட்டுன பசை விடுது, அதுக்கு வீட்டுல செய்யுற வைத்தியம் இல்ல. தூசி நாலு இருந்தா அத கண்டுக்கவே வேணாம்.

ஓரத்துல இருக்குற பூஞ்சணம் எஃப் 8, எஃப் 11ல வச்சா படத்துல தெரியவே தெரியாது, ஏன்னா அப்பர்ச்சர் சுருங்குனா அந்த ஓரம் வழியா வர்ற வெளிச்சம் வெட்டுப்பட்டுடுது. நடுவுல இருந்தா கான்ட்ராஸ்ட் கொறையும், வெயிலுக்கு எதிரா எடுத்தா பால் ஊத்துன மாதிரி வெளுக்கும். இன்னொன்னும் சொல்லிடணும், பூஞ்சணம் ஒரு அமிலத்த விடும், அது லென்ஸ் மேல பூசுன கோட்டிங்க அரிச்சு, கண்ணாடியையே கூட அரிச்சுடும். இருபது வருஷத்துப் பூஞ்சணம்னா தொடைச்சதுக்கு அப்புறமும் தடம் நிக்கலாம், புதுசு மாதிரி ஆயிடும்னு நம்பி காசு செலவு பண்ணாதீங்க.

வெளிப்பக்கக் கண்ணாடிய நீங்களே தொடைக்கலாம். முதல்ல புளோயர், அப்புறம் லென்ஸ் டிஷ்யூவுல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரே ஒரு சொட்டு, நடுவுல ஆரம்பிச்சு சுத்திகினே வெளிய வாங்க. வேட்டி முனை, சட்டை முனை வேணாம், அதுல ஒரு மணல் துகள் இருந்தா போதும், கோடு விழுந்துடும். சில பேரு வெயில்ல வச்சா பூஞ்சணம் செத்துடும்னு சொல்லுவாங்க, அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா நம்ம வேலூர் வெயில்ல அத செய்யாதீங்க, 40 டிகிரிக்கு மேல போற ஊருல கிரீஸ் இளகி ஷட்டர் இதழுக்கு ஓடிடும், பசையும் விடும்.

உள்பக்கம்னா இரட்டை லென்ஸ் கேமராவ ஏற்கெனவே பிரிச்சுப் பழகுன ஆளுகிட்ட தான் குடுங்க. நான் ஒரு தடவை அவசரப்பட்டு ஒரு கடையில குடுத்தேன், கண்ணாடி பளிச்சுனு வந்துச்சு, ஆனா மேல் லென்ஸ கழட்டி மாட்டும்போது எடம் மாறிப்போச்சு, மேல குனிஞ்சு பாக்குற திரையில ஷார்ப்பா தெரிஞ்ச மூஞ்சி ஃபிலிம்ல மங்கலா வந்துச்சு, மூணு ரோல் போன பின்னாடி தான் புரிஞ்சுது. அதனால சர்வீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் இந்த டெஸ்ட் பண்ணிடுங்க: பின்மூடிய தொறந்து, ஃபிலிம் உக்காருற உள் தண்டவாளம் மேல பால் கலர் செலோ டேப்ப இழுத்து ஒட்டி, பி-ல எஃப் 3.5ல ஷட்டர தொறந்து வச்சு, தூரத்துல இருக்குற கரண்டு கம்பத்த மேல் திரையில ஃபோகஸ் பண்ணுங்க. டேப்புலயும் அதே கம்பம் ஷார்ப்பா தலைகீழா தெரியணும். 1 மீட்டர்ல ஒரு பேப்பர ஒட்டி வச்சும் பாருங்க.

பூஞ்சணம் வந்த காரணம் அந்த லெதர் கவர். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல் வேலை தெரிஞ்சவங்கள கேளுங்க, ஈரம் பட்ட தோல எப்படி பூஞ்சணம் புடிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். நம்மது வெயில் ஊருன்னாலும் ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் வரைக்கும் மழைக்காத்து, சுவத்தோட ஒட்டுன பீரோ, உள்ள தோல் கவர், இது போதும். அந்துருண்டையும் போடாதீங்க, அதோட ஆவி லென்ஸுக்கு ஆகாது. காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 40ல இருந்து 50 சதவீதத்துல நின்னா போதும். ரொம்பக் காய வச்சாலும் எண்ணெய் வத்தும்.

எக்ஸ்போஷர் மீட்டர நம்பாதீங்க, அது 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்கு செஞ்சது, இப்ப வர்ற 1.5 வோல்ட் அல்கலைன் போட்டா தப்பா காட்டும். பேட்டரி மூடிய தொறந்து பச்சையா உப்பு பூத்திருக்கான்னு மட்டும் பாத்துட்டு, போன் ஆப்ல அளந்துக்கோங்க. 400 ஸ்பீடு ஃபிலிம்னா நல்ல வெயில்ல 1/500, எஃப் 16.

120 ரோல்ல 12 படம் தான், வீணாக்காம பிரிச்சுக்கோங்க. காலையில ஆறரைக்கு வேலூர் கோட்டைக்குப் போங்க, ட்ரைபாட் மட்டும் கொண்டு போகாதீங்க, தொல்லியல் துறை எடம், அதுக்கு அனுமதி வேணும். ஃபிலிம நிழல்ல நின்னு மாட்டுங்க. அகழி மதில முதுகுப்பக்கம் வெயில் இருக்குற மாதிரி எஃப் 8ல நாலு, அதே மதில எஃப் 3.5ல ரெண்டு, வெயிலுக்கு எதிரா மூணு, கூட வர்ற ஆள 1 மீட்டர்ல நிக்க வச்சு மூணு. திரையில இடம் வலம் மாறித் தெரியும், கை பழக கொஞ்ச நேரம் ஆகும். கிட்டத்துல எடுக்கும்போது மேல் லென்ஸ் பாக்குறதுக்கும் கீழ் லென்ஸ் பாக்குறதுக்கும் வித்தியாசம் வரும், தலைக்கு மேல கொஞ்சம் எடம் விடுங்க.

வீட்டுல கழுவுறதா இருந்தா எச்பி5ங்குற 400 ஸ்பீடு கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு, டி-76 டெவலப்பர் கரைசல்ல மேல தண்ணி சேக்காம 20 டிகிரியில ஏழரை நிமிஷம். நம்ம டேங்க் தண்ணி கோடையில 30 தாண்டிடும், ஐஸ் வச்சு 24க்குக் கொண்டு வந்து அஞ்சேகால் நிமிஷம் கழுவுங்க. கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர், போர் தண்ணி உப்பு ஃபிலிம்ல வெள்ளைப் பொட்டா காயும்.

காஞ்சதும் வெயிலுக்கு எதிரா எடுத்த அந்த மூணு நெகட்டிவ்வ ஜன்னல்கிட்ட பிடிச்சுப் பாருங்க. நிழல் இருந்த எடம் ஓரத்துல இருக்குற காலி ஃபிலிம் மாதிரி கிட்டத்தட்ட தெளிவா இருந்தா லென்ஸ இப்ப தொட வேணாம், லென்ஸ் முன்னாடி வெயில மறைக்குற ஒரு ஹூட் போட்டு எடுங்க, ஷட்டர மட்டும் சர்வீஸுக்குக் குடுங்க. அங்க சாம்பல் படிஞ்சிருந்தா லென்ஸையும் சேத்து பிரிச்சு தொடைக்கச் சொல்லுங்க.