மகளுக்குச் ‘சாரல்’ என்று பெயர் வைக்கலாமா?

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ‘சாரல்’ என்றால் மழைத்தூறல் மட்டும்தானா, பழைய சொல்லா என்று.

தூறல் மட்டுமல்ல. மலைச்சரிவு என்பதும் அதன் பழைய பொருள். ‘சார்’ என்ற வேரிலிருந்து வந்தது. மலையைச் சார்ந்த பக்கம். குறுந்தொகையில் கபிலர் பாட்டில் தோழி, குறிஞ்சித் தலைவனை ‘சாரல் நாட’ என்றே விளிக்கிறாள். காற்றடித்து முகத்தில் தெறிக்கும் மழையும் சாரல்தான். தென்மேற்குப் பருவத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்றவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பெண் பெயராக இது புதுசு. ஆனால் மலையகத்துக்கு அந்நியமில்லை. நம் எழுத்தாளர் சாரல்நாடனின் புனைபெயரிலேயே இருக்கிறதே!

அப்புறம், பிறப்புப் பதிவில் ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்குப் பிறகு இரண்டு ‘ஏ’ போடச் சொல்லுங்கள். ஒன்று போட்டால் ‘சரல்’ ஆகிவிடும், சரளைக்கல்தான் ஞாபகம் வரும்.