பூவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: அரிசோனாவில் டூசான் நகரில் குடியிருக்கிறோம். கொல்லையில், சரளை மண்ணில், நாங்கள் நடாமலேயே ஒரு குட்டைச் செடி வளர்ந்திருக்கிறது. டெய்சி மாதிரி பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை. இரண்டு வருடமாக அதே இடத்தில் பூக்கிறது. களையென்று பிடுங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இரண்டு வருடமாக அதே செடி பூக்கிறது என்றால் அது பல்லாண்டுச் செடி. மழைக்கு முளைத்து வெயிலில் கருகிப்போகும் ஓராண்டுப் பூக்களை ஒதுக்கிவிடலாம். டூசான் பகுதிப் பாலைவனத்தில் இந்த அடையாளத்துக்கு முக்கியமாக மூன்று செடிகள் பொருந்தும்: பிளாக்ஃபுட் டெய்சி, டெசர்ட் ஜின்னியா, ஃப்ளீபேன். மூன்றுமே அந்த மண்ணுக்குச் சொந்தமானவை.

முதலில் வெள்ளை இதழ்களை எண்ணுங்கள். (உண்மையில் ஒவ்வொரு இதழும் ஒரு தனிச் சிறுபூ, சூரியகாந்திக் குடும்பத்தின் வித்தை அது.) நூல் நூலாக எண்ண முடியாத அளவுக்கு இருந்தால் ஃப்ளீபேன். நான்கு முதல் ஏழு அகன்ற இதழ்கள்தான் என்றால் ஜின்னியா. எட்டு முதல் பதின்மூன்று வரை இருந்து, நுனியில் சிறு வெட்டும் தெரிந்தால் பெரும்பாலும் பிளாக்ஃபுட் டெய்சி.

எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் இல்லாத காலத்தில் பூ சிறுத்துப்போகும். விதை முற்றிய பழைய பூ ஒன்றைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். பிளாக்ஃபுட் டெய்சி என்றால், இதழுக்கு அடியில் விதையை மூடியிருக்கும் சின்ன உறை, பாதம் போன்ற வடிவில் கறுத்திருக்கும். பேரே அதனால் வந்ததுதான்: அதன் தாவரவியல் பெயரான மெலம்போடியம் என்றால் கிரேக்கத்தில் கறுத்த பாதம். புதிதாக விரிந்த பூவில் இதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஜின்னியாவிலோ இதழ்கள் உதிராமல் காகிதம்போல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

இலையையும் ஒரு பார்வை பாருங்கள். ஃப்ளீபேனில் இலைகள் மாறி மாறி இருக்கும். மற்ற இரண்டிலும் எதிரெதிராக இருக்கும். அப்புறம், முகர்ந்தால் தேன் வாசனை வந்தால் பிளாக்ஃபுட் பக்கம் இன்னும் ஒரு புள்ளி சேர்த்துக்கொள்ளலாம்.

பிளாக்ஃபுட்தான் என்றால் சொட்டுநீர்க் குழாயை அதன் பக்கம் திருப்பிவிடாதீர்கள். சுண்ணாம்பு கலந்த, நீர் தேங்காத மண்தான் அதற்குப் பிடிக்கும். வெயிலால் சாவதைவிட, அன்பாக ஊற்றும் தண்ணீரால் வேர் அழுகிச் சாவதே அதிகம்.