முதலில் கதவைச் சாத்துங்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் மூன்று பூனைகள் இருக்கின்றன: ஒரு தாய், அதன் ஏழு மாதக் குட்டிகள் இரண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் முள் கத்தரி வைத்திருக்கிறார். பூனைகள் பாத்தியைக் கிளறி அசிங்கம் செய்கின்றன என்று தொடங்கிய பேச்சு, "இன்னொரு முறை இந்தப் பக்கம் வந்தால் மருந்து வைத்துவிடுவேன்" என்பதுவரை வந்துவிட்டது. சென்ற வாரம் தாய்ப்பூனை இரண்டு முறை வாந்தி எடுத்தது. அன்று இரவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லை. போலீசில் புகார் கொடுக்கலாம் என்கிறார் என் கணவர். மூன்றையும் கோணியில் போட்டுப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தால் தொல்லை தீர்ந்தது என்கிறார் மாமியார். பெரியவரின் மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளும் நானும் நன்றாகப் பழகியவர்கள். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மூன்று பூனைகளையும் வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். புகாருக்கும் சமாதானத்துக்கும் நாள் பிடிக்கும். விஷம் தடவிய ஒரு மீன் துண்டை விழுங்கப் பூனைக்கு அரை நிமிடம் போதும்.

மாமியார் சொன்ன யோசனையை மட்டும் தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள். வீட்டில் வளர்ந்த பூனைக்குக் காட்பாடிப் பக்கத்துத் தெருவில் எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த நாய் துரத்தும் என்று எதுவும் தெரியாது. தாய்ப்பூனை உங்கள் வீட்டைத் தேடிப் புறப்பட்டால், லாரிகள் ஓடும் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். பட்டினியும் தாகமும் வரும் என்று தெரிந்தே ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், உங்கள் காலடியில் பிறந்த குட்டிகள் அல்லவா அவை?

வேலூர் வெயிலில் கதவையும் ஜன்னலையும் சாத்தி வைத்தால் பூனையும் தாங்காது, நீங்களும் தாங்க மாட்டீர்கள். இரண்டு ஜன்னல்களுக்கும் பின்கட்டுக்கும் அரை அங்குலக் கண் வைத்த இரும்பு வலையை மரச்சட்டத்தில் அடித்துப் பொருத்துங்கள். நைலான் கொசுவலையை நம்ப வேண்டாம், ஒரே இரவில் கிழித்துவிடும். முதல் பத்து நாள் வாசலில் நின்று கத்தும், கதவைப் பிறாண்டும். மனம் இளகித் திறந்தீர்கள் என்றால், கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். பெரிய உணவை மாலையில் கொடுத்து, அதற்கு முன் கயிறோ பந்தோ காட்டிக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். வேட்டையாடிய அலுப்பும் நிறைந்த வயிறும் சேர்ந்தால் தூங்கிவிடும். தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். ஈரத்துணியால் துடைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது மலத்தொட்டி. பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது கணக்கு. உங்களுக்கு நான்கு வேண்டும். அகலமான பிளாஸ்டிக் பேசினில் மூன்று அங்குலத்துக்குச் சலித்த மணலோ தேங்காய் நார்க்கழிவோ போட்டால் போதும். அவை ஏற்கெனவே கழித்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்துத் தொட்டியில் கலந்துவிடுங்கள். அந்த வாடையைப் பிடித்துத் தானாக வந்துவிடும். தினமும் தவறாமல் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைப் பெரியவரைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

குட்டிகளுக்கு ஏழு மாதம் என்றால் கருத்தடை அறுவைக்கு இனித் தள்ளிப்போடக் கூடாது. தாய்க்கும் சேர்த்தே செய்துவிடுங்கள். பூனையின் கர்ப்பம் ஒன்பது வாரந்தான். கொஞ்சம் அசந்தால் மூன்று பத்தாகிவிடும், பக்கத்து வீட்டுச் சண்டையும் பத்து மடங்காகும். கடுவனாக இருந்தால், அறுவைக்குப் பிறகு ஊர் சுற்றுவதும் சுவர் சுவராகச் சிறுநீர் பீய்ச்சுவதும் பெரும்பாலும் குறையும்.

விஷத்தைப் பற்றிச் சொல்லும்முன் என் வீட்டுக் கதை ஒன்று. வெள்ளையன் என்று ஒரு பூனை வளர்த்தோம். ஒருநாள் சோர்ந்து படுத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது, எலி மருந்தாக இருக்கும் என்றார் மருத்துவர். அன்று மாலையே அது போய்விட்டது. முந்தைய வாரம் என்னோடு வாய்த் தகராறு செய்த எதிர்வீட்டு அம்மாதான் காரணம் என்று முடிவு கட்டி, தெருவில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். மூன்று மாதம் கழித்துத் தெருமுனை மளிகைக் கடையில் பருப்பு வாங்கும்போது, கிடங்கில் எலி மருந்து வைத்திருந்ததைக் கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். மருந்து தின்ற எலியை வெள்ளையன் தின்றிருக்கிறது. எதிர்வீட்டில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவரும் மன்னித்தார். ஆனாலும் அந்தம்மாவின் முகத்தை நேராகப் பார்க்க இன்றும் எனக்குக் கூசுகிறது.

ஆகவே, இரண்டு வாந்தியை வைத்துப் பெரியவர் மேல் பழி போடாதீர்கள். நக்கிய முடி உருண்டையானாலும், புல்லைத் தின்றாலும் பூனை வாந்தி எடுக்கும். எச்சில் ஒழுகுவது, உடல் நடுங்குவது, தள்ளாடுவது, ஈறு வெளுப்பது, சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆட்டோ பிடியுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி மருந்து வேலை காட்ட இரண்டு முதல் ஐந்து நாள்வரை ஆகும். அதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் பிழைக்கும். உப்புத் தண்ணீர், பால், முட்டை என்று எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். வாந்தியைக் கொஞ்சம் ஒரு கவரில் எடுத்துக்கொண்டு போங்கள். காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய் உண்ணிக்கு முதுகில் விடும் சில சொட்டு மருந்துகளும் அப்படித்தான்.

இனிப் பெரியவர். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று. அவர் கோபத்தின் வேர் அங்கே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கக்கூடும். கர்ப்பிணிக்கு அது புதிதாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம். மலம் விழுந்தவுடன் அது தொற்றாது, குறைந்தது ஒரு நாள் ஆக வேண்டும். தினமும் தொட்டியை அள்ளச் சொன்னது அதற்காகத்தான். ஆனால் மண்ணில் கிடந்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தப் பாத்தியில்தான் அவர் வெறுங்கையால் களை எடுக்கிறார். அந்தக் கத்தரிக்காய்தான் மகளின் தட்டுக்குப் போகிறது. அவருடைய பயம் வீண் பயம் இல்லை, சகோதரி.

காலையில் அவர் செடிக்குத் தண்ணீர் விடும்போது நீங்கள் தனியாகப் போங்கள். கணவர் வேண்டாம். மகளைத் தூது அனுப்பவும் வேண்டாம், நிறைமாதப் பெண்ணை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிறுத்தாதீர்கள். "ஐயா, உங்கள் பாத்தியைக் கெடுத்தது என் பூனைகள்தான். இனி வெளியே விட மாட்டேன். இதுவரை ஆனதை நானே சுத்தம் செய்து தருகிறேன்" என்று தொடங்குங்கள். "ஆனால்" என்ற சொல் அன்று உங்கள் வாயில் வரக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு மேல்மண்ணை அள்ளி அப்புறப்படுத்துங்கள். செடிகளுக்கு நடுவே கோழி வலையைப் படுக்கப் போட்டுக் கொடுங்கள். உலர்ந்த பொலபொலப்பான மண்தான் பூனைக்குப் பிடிக்கும், வலைமேல் கால் வைக்கப் பிடிக்காது. நம் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அவர் வைத்திருப்பது அந்த வகைதானா என்று கேட்டுப் பாருங்கள். பார்த்து வளர்த்த செடியை ஒருவர் மதித்துக் கேட்டால் எந்த மனிதருக்கும் முகம் மலரும். பூனைகளுக்குத் தடுப்பூசி போட்ட அட்டையையும் காட்டுங்கள். காயை நன்றாகக் கழுவி வேகவைத்தால் பயமில்லை என்பதையும், மகப்பேறு மருத்துவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்பதையும் மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லலாம்.

போலீஸ் வேண்டாமா என்றால், இன்று வேண்டாம் என்பேன். இதுவரை வாய்ச்சொல்தான். அவர் என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மதிலோரம் சந்தேகமான உணவு கிடந்தால் படம் எடுத்து, அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மனு பெற்றதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். விஷம் வைத்தோ அடித்தோ பிறர் வளர்க்கும் பிராணியைக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. 2024 ஜூலை 1-க்கு முன்பிருந்த சட்டத்தில் பிராணியின் விலையைப் பார்த்தார்கள். இப்போது அந்தக் கேள்வி இல்லை, தெருவில் எடுத்து வளர்த்த பூனைக்கும் இது பொருந்தும். அப்படி ஒரு கொடுமை நடந்துவிட்டால் அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். புகார் கொடுத்து, அரசு கால்நடை மருத்துவமனையில் உடற்கூறு ஆய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த அறிக்கை இல்லாமல் வழக்கு நிற்காது.

தாய்ப்பூனை இப்போது சரியாகச் சாப்பிடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இதைப் படித்ததும் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தாலும் நாளைக் காலை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். போகும்போது குட்டிகளையும் கூடையில் எடுத்துப்போய், மூன்றுக்கும் கருத்தடைக்கு நாள் கேட்டுக்கொண்டு வாருங்கள்.