1340-ல் சீட்டுக்கட்டு ஏது?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். 1340-களின் ஆங்கில வாழ்க்கையை உடை, சமையல் சகிதம் நடித்துக் காட்டும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். கோடை முகாமில் விளையாட்டு, பாட்டு, கதை மூன்றும் என் பொறுப்பு. ‘அசல் மத்தியகாலத் தொகுப்பு’ என்று சீட்டுக்கட்டு, செஸ் போர்டு, ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ இசைக்குறிப்பு, கதைகளின் பிடிஎஃப் எல்லாம் சேர்த்து 60 பவுண்டுக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? நம்ம பஞ்சதந்திரக் கதை சொன்னால் தப்பா?

பதில்: வாங்காதீர்கள். ஐரோப்பாவில் சீட்டுக்கட்டு தலைகாட்டுவதே 1370-களில்தான். ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ 1580-ல் லண்டனில் பதிவான பாட்டு. உங்கள் முகாமுக்கு 240 வருஷம் பிந்தியது. இந்த வியாபாரிகள் ஆயிரம் வருஷத்தை ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். ‘ஓ ஃபோர்ச்சுனா’ என்ற லத்தீன் பாட்டையும் சேர்த்துத் தருவார்கள். அதன் வரிகள் 13-ஆம் நூற்றாண்டுச் சுவடியில் இருப்பவை. நாம் கேட்கும் மெட்டு ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் போட்டு 1937-ல் அரங்கேறியது.

யார் எதை விற்றாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது எந்தச் சுவடியில் இருக்கிறது, அந்தச் சுவடி எந்தக் காலத்தது? “பாரம்பரியமாக வருவது” என்று பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள். அந்த பிடிஎஃப்பும் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டியதாகத்தான் இருக்கும்.

செஸ் ஆடலாம், ஆனால் இன்றைய விதிப்படி அல்ல. அன்றைய ராணி குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகரும். பிஷப் குறுக்காக இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். இடையில் காய் இருந்தாலும் தடையில்லை. ராணிக்கு இன்றைய வீச்சு கிடைத்தது 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில். வீட்டிலிருக்கும் காய்களை வைத்தே இப்படிப் பழகிக்கொள்ளலாம். ஸ்பெயினில் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ 1283-ல் எழுதிமுடிக்க வைத்த விளையாட்டு நூலில் செஸ், பகடை எல்லாம் படத்தோடு இருக்கின்றன. காசே செலவழிக்க வேண்டாம் என்றால் ஆளுக்கு ஒன்பது காய் வைத்து ஆடும் ‘நைன் மென்ஸ் மாரிஸ்’ ஆடுங்கள். நம் கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலிக் கட்டம் கீறியிருப்பதுபோல, கேன்டர்பரி, சாலிஸ்பரி தேவாலயங்களின் கல் இருக்கைகளில் அதன் கட்டத்தைக் கீறி வைத்திருக்கிறார்கள்.

பாட்டுக்கு, 13-ஆம் நூற்றாண்டின் ‘சுமர் இஸ் இகுமென் இன்’ போதும். ஒருவர் பாடத் தொடங்கி, சுவடியில் சிலுவைக்குறி போட்ட இடத்தை எட்டியதும் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எப்படிப் பாடுவது என்று அந்தப் பக்கத்திலேயே லத்தீனில் எழுதியிருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டுப் பெண்கவி மரி த ஃப்ரான்ஸ் பிரெஞ்சில் எழுதிய கதைப்பாடல்களும் அதே சுவடியில் உண்டு. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள்தான் சாதாரண ஆள் கைக்கு எட்டாது. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வைப் படிக்க, ஒரு கட்டுரைக்கே ஒரு புத்தக விலை கேட்கிறார்கள். எழுதியவருக்கு அதில் ஒரு காசு போவதில்லை. என்ன நியாயமோ! சுவடியின் படத்தையே நேராகப் பாருங்கள்.

அப்புறம் பஞ்சதந்திரம். ஊர்க்கதைகளை அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் பொதுவிதி. இதற்கு மட்டும் விலக்கு உண்டு, அதிலும் எல்லாக் கதைக்கும் இல்லை. பஞ்சதந்திரம் பாரசீகம், அரபு, ஹீப்ரு வழியாக 13-ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனுக்குப் போய்விட்டது. ஆனால் ஆங்கிலத்தில் அந்த நூல் வந்தது 1570-ல்தான். லத்தீன் படித்த பாதிரியாராக வேஷம் போட்டால் சொல்லலாம். உழவனாக நின்றுகொண்டு சொன்னால் ஒட்டாது. உழவனும் சொல்லக்கூடியது கீரிப்பிள்ளைக் கதை. அது ‘ரோமின் ஏழு ஞானிகள்’ என்ற தொகுதிக்குள் வேறு வழியாக நுழைந்து, அன்றைய ஆங்கிலத்துக்கே வந்துவிட்டது. அந்தத் தொகுதி இருக்கும் ஆகின்லெக் சுவடி 1330-களில் லண்டனில் எழுதப்பட்டது என்பது அறிஞர்கள் கணிப்பு. உங்கள் காலத்துக்கு அச்சாகப் பொருந்தும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அதை முழுக்க இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரே ஒரு மாற்றம்: அங்கே பாம்பைக் கொன்று குழந்தையைக் காப்பாற்றுவது கீரி இல்லை, வேட்டைநாய். அவசரப்பட்டு அதை வெட்டுவது பிராமணன் மனைவி இல்லை, வீட்டுக்குத் திரும்பிவரும் வீரன். நாயாகவே சொல்லுங்கள்.